வெற்றிலை எண்ணும் கை: ஒரு பக்கவாத நிகழ்வு ஆய்வு

சோழவந்தானை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து மருமகள் அவரை அழைத்து வந்திருந்தார். வயது 56. மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் செயலிழந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. கைத்தடி இல்லாமல்தான் உள்ளே வந்தார். பேச்சில் லேசான குழறல் மட்டும் மீதமிருந்தது. கோப்பின் கடைசித் தாளில், "பார்த்தெல் மதிப்பெண் 95/100. அன்றாடச் செயல்களில் தன்னிறைவு" என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளை நம்பினால் அவர் என்னைத் தேடி வந்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தி, வலது கையை அதற்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சிரமம் என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை டாக்டரம்மா. எல்லாம் சரியாகிவிட்டதாம்" என்றார். வார்த்தையின் கடைசியில் ஒட்டியிருந்த அந்த "ஆம்" என்னை உறுத்தியது. சரியாகிவிட்டது என்று சொன்னது யாரோ. அவர் அல்ல.

நான் மருத்துவர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மதுரையில் பெரும்பாலான குடும்பங்கள் எங்கள் வேலையையும் பிசியோதெரபியையும் சேர்த்துக் "கைகால் பயிற்சி" என்றே சொல்கின்றன. பிசியோதெரபி உடலின் அசைவை மீட்கிறது. அந்த அசைவைக் கொண்டு ஒருவர் தன் நாளை எப்படி வாழ்கிறார் என்பது எங்கள் கேள்வி. இந்த அம்மாளின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

முதல் மதிப்பீடு

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பத்தாண்டுகளாக இருந்தன. புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கமும் இருந்தது. பக்கவாதம் வந்த அன்றோடு அதை விட்டுவிட்டார். மருத்துவமனையில் 11 நாட்கள் இருந்தார். பிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட் நான்கு மாதங்கள் பயிற்சி கொடுத்தார். நடை திரும்பியது அந்த உழைப்பால்தான்.

கையை அளந்தேன். கைப்பிடி வலு இடதில் 22 கிலோ, வலதில் 6 கிலோ. வலது தோளை முன்புறமாக 95 பாகை வரை தானாக உயர்த்தினார். விரல்களைச் சேர்த்து மடக்க முடிந்தது, விரிக்க நேரம் பிடித்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தொட்டது, அதற்கு அப்பால் போகவில்லை. விரல் நுனிகளில் தொடு உணர்வு மங்கியிருந்தது. கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரலை அசைத்தால், அது மேலே போகிறதா கீழே போகிறதா என்று பாதி முறை தவறாகச் சொன்னார். ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளைத் தடுப்பைத் தாண்டிப் போடுகிறார் என்று பார்க்கும் சோதனையில் இடது கை 52, வலது கை 14.

மனநிலையை அறியும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் 12 வந்தது. மிதமான மனச்சோர்வு என்று பொருள். தற்கொலை எண்ணம் இல்லை. அவரது நரம்பியல் மருத்துவரிடம் அன்றே தெரிவித்தேன், அவர் மருந்து தொடங்கினார்.

இனி அந்த 95-க்கு வருகிறேன். பார்த்தெல் அளவுகோலை 1965-இல் வெளியிட்டவர்கள் ஃப்ளோரன்ஸ் மஹோனியும் டோரதியா பார்த்தெலும். அதில் பத்து இனங்கள் உண்டு: உண்பது, குளிப்பது, பல் துலக்கித் தலை வாருவது, உடுத்துவது, மலம், சிறுநீர், கழிவறைப் பயன்பாடு, படுக்கையிலிருந்து எழுந்து மாறி அமர்வது, நடப்பது, படி ஏறுவது. இவருக்குப் படியில் மட்டும் ஐந்து குறைந்திருந்தது. உண்பதில் முழு மதிப்பெண், ஏனென்றால் இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தானாகவே சாப்பிடுகிறார். உடுத்துவதிலும் முழு மதிப்பெண், ஏனென்றால் நைட்டியைத் தானாகவே மாட்டிக்கொள்கிறார். கணக்கு எங்கும் தவறவில்லை. நூறு வாங்கியவரும் தனியாக வாழக்கூடியவர் என்று பொருளல்ல, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ வெளியாட்களைச் சந்திக்கவோ அவரால் முடியாமல் இருக்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே அப்போதே எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை கோப்புகளுக்கு வந்து சேரும்போது காணாமல் போய்விடுகிறது.

என் தவறு

முதல் இரண்டு வாரங்கள் நானும் கையைத்தான் பார்த்தேன். பயிற்சிக் களிமண்ணைப் பிசையச் சொன்னேன், துளைப்பலகையில் குச்சி செருகச் சொன்னேன், துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டிக் கழற்றச் சொன்னேன். சொன்னதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார். மூன்றாம் வாரம் வரவில்லை. தொலைபேசியில் மருமகள், "அத்தைக்கு விருப்பம் இல்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை" என்றார்.

குச்சி செருகுவதற்கும் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன்.

திண்ணை

தை மாதம். முகூர்த்தங்கள் நெருங்கி வந்துகொண்டிருந்த நேரம். வீட்டின் முன் திண்ணையில், பலகை அடித்த ஒரு சிறு கடை பூட்டிக் கிடந்தது. வெற்றிலைக் கடை. சோழவந்தான் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அகத்தி மரத்தில் கொடி படர்ந்த கொடிக்கால்கள் அந்தப் பக்கத்தின் அடையாளம். இந்த அம்மாள் இருபத்தெட்டு ஆண்டுகள் கொடிக்காலிலிருந்து வரும் இலையைத் தரம் பிரித்து, கவுளி கட்டி, கல்யாண வீடுகளுக்குக் கொடுத்தவர். ஒரு கவுளி என்றால் நூறு இலை. ஊரில் தாம்பூலத்துக்கு இலை வேண்டும் என்றால் இவர் திண்ணைக்குத்தான் வருவார்களாம்.

பயிற்சி அறையில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அந்தத் திண்ணையில் உட்கார்ந்ததும் பேசினார். காலை ஆறு மணிக்கு இலை வரும், ஈரச் சாக்கில் வைக்க வேண்டும், காம்பு கருத்தது ஒரு பக்கம், ஓட்டை விழுந்தது ஒரு பக்கம் என்று தொடங்கியவர், ஒரு நாள் முழுவதையும் சொல்லி முடித்தார். இப்போதைய நாளையும் கேட்டேன். காலையில் எழுந்து நாற்காலி, மதியம் கட்டில், மாலையில் மறுபடி நாற்காலி. முடித்துவிட்டார்.

"மறுபடியும் கடையைத் திறக்கலாமே அம்மா, இடது கை நன்றாக இருக்கிறதே?" என்றேன்.

என்னைச் சிறு பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தாயி, பீச்சாங்கையால் வெற்றிலை கொடுத்தால் எவன் வாங்குவான்? நல்ல காரியத்துக்குப் போகிற இலை."

எங்கள் பாடப்புத்தகங்களில், வலது கை செயலிழந்தவருக்கு இடது கைக்கு மாறக் கற்றுக்கொடு என்று ஒரே வரியில் இருக்கும். நம் ஊரில் அந்த ஒரு வரிக்குள் ஒருவரது மானமே அடங்கியிருக்கிறது. சாப்பிடுவது சோற்றுக்கை, கொடுப்பதும் வாங்குவதும் வலது கை, திருநீறு வாங்குவது வலது கை. அவர் ஏழு மாதமாக வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் தனியாக, ஸ்பூனால். இது எந்த மதிப்பெண்ணிலும் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற செயல்பாடு, இயலாமை, உடல்நலம் பற்றிய பன்னாட்டு வகைப்பாடு இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது: உடலின் குறை ஒன்று, செய்யமுடியாத செயல் இன்னொன்று, வாழ்க்கையில் பங்கேற்க முடியாமல் போவது மூன்றாவது. சூழலும் ஆளின் தனித்தன்மையும் இந்த மூன்றையும் மாற்றிக்கொண்டே இருக்கும். இந்த வகைப்பாட்டை நான் படித்துத் தேர்வெழுதியவள். அதன் பொருள் எனக்குப் புரிந்தது அந்தத் திண்ணையில்தான்.

அவரே வைத்த பட்டியல்

கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். என்ற நேர்காணல் முறையைப் பயன்படுத்தினேன். இதில் எது முக்கியம் என்பதைச் சிகிச்சை பெறுபவரே சொல்வார். அதை இப்போது எவ்வளவு செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போடுவதும் அவரே. அவர் சொன்னவை ஐந்து. இலை எண்ணிக் கொடுப்பது: செயல் 1, திருப்தி 1. வலது கையால் சாப்பிடுவது: 2, 1. சேலை கட்டுவது: 2, 2. கொண்டை போடுவது: 3, 3. பஸ்ஸில் போய் வருவது: 1, 1. செயல் சராசரி 1.8, திருப்தி 1.6. கோப்பில் 95 வாங்கியவர் தன் வாழ்க்கைக்குத் தானே போட்ட மதிப்பெண் இது.

இலையை எண்ணுவது எப்படி

இடது கையில் ஒரு கவுளியைப் பிடித்து, வலது கட்டைவிரலால் மேல் இலையை மெல்லத் தள்ளி, ஐந்து ஐந்தாகப் பிரிப்பது அவர் வழக்கம். ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதிகம் அழுத்தினால் கிழியும், குறைவாக அழுத்தினால் இரண்டாக வரும். ஒன்றா இரண்டா என்பதைச் சொல்வது விரல் நுனியின் தொடு உணர்வு. எண்ணிக்கொண்டே வாடிக்கையாளரோடு பேச வேண்டும், சில்லறை தர வேண்டும். வலது கட்டைவிரலிடம் இன்றைக்கு இதைக் கேட்க முடியாது. பக்கவாதத்துக்குப் பின் கையசைவில் பெரிய மீட்சி முதல் சில மாதங்களில்தான் நிகழ்கிறது. ஏழு மாதம் கழித்து நுண்ணிய விரல்வேலை முழுமையாகத் திரும்பும் என்று நம்பிக்கை கொடுப்பது நேர்மையாக இருக்காது. அதை அவரிடமே சொன்னேன். அழுதார். பிறகு, "அப்படியென்றால் இந்தக் கையை என்னதான் செய்யச் சொல்கிறாய்?" என்று கேட்டார். சிகிச்சை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

கைகளின் வேலையை மாற்றினோம். சேர்த்து மடக்கும் வலு வலது கையில் இருந்தது, எனவே பிடிப்பது இனி அதன் வேலை. சாய்வான ஒரு பலகையில் இலைக்கட்டைச் சாய்த்து வலது கை அழுத்திப் பிடிக்கும், இடது கட்டைவிரல் எண்ணும். இடது கை எண்ணலாமா என்று கேட்டதற்கு, "எண்ணுவதற்குத் தோஷம் இல்லை, கொடுப்பதற்குத்தான்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். முதலில் காய்ந்த பூவரச இலை, பிறகு கழிக்கப்பட்ட வெற்றிலை, பிறகு நல்ல இலை. முதல் வாரம் நூறு எண்ண இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. பாதியில் கணக்கு விட்டுப்போகும். ஐந்து முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைக்கலாம் என்று மருமகள் யோசனை சொன்னார். அது நன்றாக வேலை செய்தது.

கொடுப்பதுதான் பெரிய முடிச்சு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முழங்கைக்குக் கீழே இறுக்கம் விடவில்லை. நான் கைக்குத் துணைப்பட்டை, முழங்கைத் தாங்கி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காம் வாரம் ஒரு நாள் அவர் உள்ளே போய், ஒரு பித்தளைத் தட்டை இடது கையால் எடுத்துவந்து மடியில் வைத்தார். "தாம்பூலத்தைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் கொடுப்பதுதானே மரியாதை? கையில் கொடுப்பதைவிட இது மேல்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எடை இடது கையில் இருக்கும். வலது கை தட்டின் விளிம்புக்கு அடியில் நான்கு விரலைக் கொடுத்து, கட்டைவிரலை மேலே வைத்தால் போதும். அந்தக் கையால் முடிகிற பிடியும் அதுதான். பித்தளை கனமாக இருந்ததால் மூன்று வாரம் சிறிய எவர்சில்வர் தட்டில் பழகினார். கண்ணாடி முன்னால் உட்காரவைத்துத் தட்டு சாய்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் சாய்வதை வலது கை அவருக்குச் சொல்லாது. ஆறாம் வாரத்திலிருந்து துண்டு போர்த்துவது நின்றது. கையை எப்போதும் தட்டுக்கு அடியில் வைக்க வேண்டியிருந்ததால், மறைக்க வழியில்லாமல் போயிற்று.

பயன்படுத்தாமலே பழகிப்போன கையை, அடிக்கடி பயன்படும் வேலைக்குள் கொண்டுவந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்தைப் பிடிக்கிறது. களிமண்ணைப் பிசைந்தபோது நாளுக்கு இருபது நிமிடம் வேலை செய்த கை, இப்போது கேட்காமலே ஒன்றரை மணி நேரம் வேலை செய்தது.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். உணர்வு மங்கிய விரலில் சுண்ணாம்பு பட்டால் வெந்துபோனதே தெரியாது. கடையில் சுண்ணாம்புக்கு எப்போதும் இடது கை, எப்போதும் கரண்டி என்று விதி வைத்தோம். இன்னொன்று, பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் புகையிலை அதைவிடக் கேடு என்பதும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் மறைக்காமல் பேசினேன். கடையில் முன்பு இருந்த புகையிலையை மறுபடி வைப்பதில்லை, தானும் போடுவதில்லை என்று முடிவெடுத்தவர் அவர்.

சோறு, சேலை

சாப்பாட்டில் எனக்குக் கிடைத்த வெற்றி குறைவு. தரையில் உட்கார்ந்தால் தோள் தாங்கவில்லை. எனவே மேசை, முழங்கைக்கு மேசையிலேயே தாங்கல், தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி, விளிம்பு உயர்ந்த தட்டு. இட்லித் துண்டில் தொடங்கினோம். அது இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் அடங்கும். குழைந்த தயிர்ச்சோறு அடுத்தது, கவளமாக உருளும். சாம்பார் சோறு கடைசிவரை சிந்தியது. சூடு தெரியாது என்பதால் முதலில் இடது விரலால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம். முழுச் சாப்பாட்டுக்கும் கை தாங்காது என்பது தெளிவானதும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: முதல் ஐந்து கவளம் வலது கையால், மீதி ஸ்பூனால். வீட்டாரோடு சேர்ந்து உட்கார அந்த ஐந்து கவளம் போதுமானதாக இருந்தது.

சேலைக்குத் தைத்த ரெடிமேட் சேலை வாங்கலாம் என்று மகன் சொன்னார், இவர் மறுத்துவிட்டார். பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், ரவிக்கைக் கொக்கிகளுக்குப் பதில் வெல்க்ரோ. போடும்போது முதலில் வாதக் கை, கழற்றும்போது கடைசியில் வாதக் கை. முந்தின இரவே மேசை விளிம்பில் வைத்து ஒரு கையால் கொசுவம் மடித்து, ஊக்கு குத்தி வைத்துவிடுவார். கட்ட முதலில் 40 நிமிடம் ஆனது, பிறகு 15. கொண்டைக்கு மூன்று வாரம் ஆயிற்று, விவரம் வேண்டாம்.

களைப்பை நான் முதலில் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு தூங்கி எழுந்தால் தீர்வதில்லை. உற்சாகத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் கடையில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகு காலையில் 40 நிமிடம், ஓய்வு, மறுபடி 40 நிமிடம் என்று வகுத்தோம்.

மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்பாலேயே எல்லாவற்றையும் தானே செய்துவந்தவர் அவர். "அத்தை சிரமப்படுவதைப் பார்க்க முடியவில்லை" என்பார். சேலைக்கு 40 நிமிடம் ஆகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். அவர் நின்றார். இந்தச் சிகிச்சையில் பாதி அவருடையது.

பதினான்கு வாரங்களுக்குப் பிறகு

வலது கைப்பிடி வலு 6 கிலோவிலிருந்து 8 ஆனது. மரக்கட்டைகள் 14-இலிருந்து 19. கட்டைவிரலின் உணர்வில் மாற்றமில்லை. பார்த்தெல் மதிப்பெண் அதே 95, படியில் இன்னும் ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

அவரே போட்ட மதிப்பெண்கள் வேறு கதை. இலை: செயல் 6, திருப்தி 7. சாப்பாடு: 4, 6. சேலை: 8, 8. கொண்டை: 7, 7. பஸ்: 6, 6. செயல் சராசரி 6.2, திருப்தி 6.8. இந்த முறையில் இரண்டு புள்ளி உயர்ந்தாலே பொருளுள்ள மாற்றம் என்று கொள்வார்கள். பி.எச்.க்யூ-9 12-இலிருந்து 6 ஆகியிருந்தது. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, கடையின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

சாப்பாட்டில் செயலுக்கு 4 போட்டவர் திருப்திக்கு 6 போட்டது ஏன் என்று கேட்டேன். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்தாராம். "ஐந்து வாய் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பார்க்கவே இல்லை, தாயி" என்றார்.

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு மருமகளோடு பஸ்ஸில் போய் வந்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதக் கால் முதலில் என்று பழகியது கைகொடுத்தது. கூட்டமான பஸ்ஸை மட்டும் விட்டுவிடுகிறார். தனியாகப் போக இன்னும் துணிவு வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

கடை மதியம் வரை திறந்திருக்கிறது. பெரிய கல்யாணங்களுக்கான கவுளிகளை மகன் கட்டுகிறார், திண்ணைக்கு வருகிறவர்களுக்கு இவர் கொடுக்கிறார், பித்தளைத் தட்டில். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். மொட்டைமாடியில் வத்தல் காயப்போட வேண்டுமாம், பக்கவாதம் வந்ததிலிருந்து மாடியையே பார்க்கவில்லை என்றார். அந்தப் படிக்குக் கைப்பிடிக் கம்பி கிடையாது. கொத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். கம்பி எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. ஏறும்போது இடது பக்கம் இருக்கிற கம்பி, இறங்கும்போது வலது பக்கம் வந்துவிடும், பிடிக்கிற கை ஒன்றுதான். இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன்.